தாய் கொடுத்த சிறுநீரகத்தைக் காக்கும் வாயு!

திண்டுக்கல் பஸ் நிலையம். நேரம் காலை 5 மணி. மதுரைக்குப் போகும் பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது.

ஒரு தாயும் மகனும் பஸ்சில் ஏறுகிறார்கள். தாய்க்கு வயது 60. மகனுக்கு 36. மகன் பூட்டுப் பட்டறையில் வேலை செய்கிறவர். தாயின் மடியில் ஒரு துணிப்பை. அதில் இட்லிப் பொட்டலம், தண்ணீர், மகனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டு.

இப்படி ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். இது போன்ற குடும்பங்கள் திண்டுக்கல் சீமையில் மட்டும் அல்ல, தமிழ்நாடு எங்கும் இருக்கின்றன.

மகனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப் போயின. தாய் தன்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். ஆபரேஷன் நடந்து 10 ஆண்டுகள் ஆகிவிட்டன. மகன் நன்றாக நடமாடுகிறார். வேலைக்குப் போகிறார்.

"பத்து வருஷம் ஆச்சேம்மா! நல்லாத்தானே இருக்கேன். இனிமே எதுக்கு ஆஸ்பத்திரியும் மாத்திரையும்?" என்கிறார் மகன்.

"நல்லா இருக்கிறதாலேதான் போகணும், ராசா" என்கிறார் தாய்.

யார் சொல்வது சரி?

தாய் சொல்வதுதான் சரி! அதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு. அதன் பெயர் நைட்ரிக் ஆக்சைடு.

180 லிட்டர் வேலை!

சிறுநீரகத்தை நம் ஊர்ப் பக்கம் "குண்டிக்காய்" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு உண்டு. ஒன்றின் எடை சுமார் 150 கிராம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன.

ஒரு நாளில் இவை சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் வேண்டியதை எல்லாம் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. வேண்டாத கழிவு மட்டும் 1½ லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியே போகிறது.

வடிகட்டிகள் கெட்டுவிட்டால் கழிவு இரத்தத்தில் தேங்கும். கால் வீங்கும். மூச்சுத் திணறும். கவனிக்காவிட்டால் உயிர் போகும்.

சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பெரிய எதிரிகள். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரைகளை வாங்கி விழுங்கும் பழக்கமும் கெடுதல் செய்யும்.

முற்றிலும் கெட்டுவிட்டால் இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, டயாலிசிஸ் மூலம் இரத்தத்தைச் சுத்தம் செய்வது. மற்றொன்று, வேறொருவருடைய சிறுநீரகத்தை வைப்பது.

வேறு சிறுநீரகத்தை எங்கே வைப்பார்கள் தெரியுமா? பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பது இல்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கும். புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்துத் தைப்பார்கள்!

பூட்டும் சாவியும்

உலகில் முதன் முதலாக வெற்றி பெற்ற சிறுநீரக மாற்று ஆபரேஷன் 1954-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி நடந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே அதைச் செய்தார்.

ரிச்சர்டு ஹெரிக் என்ற 23 வயது வாலிபருக்கு, அவருடைய உடன் பிறந்த இரட்டையர் ரொனால்டு ஹெரிக் சிறுநீரகம் கொடுத்தார். இருவரும் அச்சில் வார்த்தது போன்ற இரட்டையர்கள். ரிச்சர்டு மேலும் 8 ஆண்டுகள் வாழ்ந்தார். அவரைக் கவனித்துக்கொண்ட நர்சையே மணந்தார். தானம் கொடுத்த ரொனால்டு 79 வயது வரை வாழ்ந்து, 2010-ல் காலமானார்.

டாக்டர் மர்ரேக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இரட்டையர்களுக்கு வெற்றி. மற்றவர்களுக்கு?

திண்டுக்கல் பூட்டு உலகப் புகழ் பெற்றது. 2019-ல் புவிசார் குறியீடும் பெற்றது. அதன் பெருமை என்ன? அதற்கு உரிய சாவியைத் தவிர வேறு சாவிக்கு மசியாது! நம் உடம்பும் அப்படித்தான். வேறொருவருடைய உறுப்பு உள்ளே வந்தால், "இது நம்முடையது அல்ல" என்று கண்டுகொள்ளும். உடனே தாக்கும். இரட்டையர்களின் பூட்டும் சாவியும் ஒன்று. ஆகவே அங்கே சண்டை இல்லை.

மற்றவர்களுக்கு அந்தச் சண்டையை அடக்க மருந்து வேண்டும். நார்வே நாட்டு மண்ணில் இருந்த ஒரு காளானிலிருந்து சைக்ளோஸ்போரின் என்ற மருந்து கிடைத்தது. 1984-ல் ஜப்பானிய மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து டாக்ரோலிமஸ் கிடைத்தது. மண்ணில் பிறந்த இந்த மருந்துகள்தான் இன்று லட்சக்கணக்கானவர்களை வாழ வைக்கின்றன.

வேலூர் காட்டிய வழி

இந்தியாவில் சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு வழி காட்டியது தமிழ்நாடுதான். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1971-ல் இந்த ஆபரேஷன் வெற்றிகரமாக நடந்தது.

1994-ல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. சிறுநீரகத்தை விலைக்கு விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று ஆயிற்று. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைத் தானம் செய்யவும் அந்தச் சட்டம் வழி செய்தது. 2008-ல் தமிழ்நாடு அரசு அதற்கென ஒரு திட்டம் தொடங்கியது. 2014-ல் உறுப்பு மாற்று ஆணையம் அமைந்தது. உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று 2023 செப்டம்பரில் அரசு அறிவித்தது.

திண்டுக்கல் மக்களுக்கு மதுரை சுமார் 60 கிலோ மீட்டர்தான். அங்கே அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் சிறுநீரக மாற்று ஆபரேஷன் நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு இடம் உண்டு.

உயிரோடு இருக்கும்போதே சிறுநீரகம் கொடுப்பவர்கள் நம் நாட்டில் பெரும்பாலும் யார்? பெண்கள்! தாய் கொடுப்பாள். மனைவி கொடுப்பாள். அக்காளோ தங்கையோ கொடுப்பாள்.

அப்படிக் கிடைத்த சிறுநீரகத்தை நெடுநாள் காப்பாற்ற வேண்டாமா?

இதயத்தில் ஒளிந்திருக்கும் ஆபத்து

ஆபரேஷன் முடிந்தது, ஆபத்தும் முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு.

முதல் ஓர் ஆண்டைத் தாண்டுவது இன்று பெரும்பாலோருக்கு எளிது. அதற்குப் பிறகுதான் மெதுவாக வரும் எதிரிகள் தலை காட்டுகின்றன. சிறுநீரகத்தின் இரத்தக் குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும், குறுகும். இரத்தக் கொதிப்பு ஏறும்.

இன்னொரு செய்தி ஆச்சரியமாக இருக்கும். மாற்று சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே சிலர் இறந்து போகிறார்கள். எதனால்? பெரும்பாலும் மாரடைப்பு போன்ற இதய நோயால்!

ஆகவே, சிறுநீரகத்தைக் காப்பது என்பது இரத்தக் குழாய்களைக் காப்பது. இங்கேதான் நைட்ரிக் ஆக்சைடு வருகிறது.

மடை திறக்கும் வாயு

நைட்ரிக் ஆக்சைடு மிக எளிய பொருள். ஒரு நைட்ரஜன் அணு, ஒரு ஆக்சிஜன் அணு. அவ்வளவுதான். மோட்டார் வண்டிப் புகையில் இது வந்தால் காற்றைக் கெடுக்கும் விஷ வாயு. ஆனால் நம் உடம்புக்குள் மிகச் சிறிய அளவில் உண்டாகும்போது, உயிர் காக்கும் வாயு!

மயக்க மருந்தாகக் கொடுக்கும் "சிரிப்பு வாயு" இது அல்ல. அது நைட்ரஸ் ஆக்சைடு. பெயர்தான் ஒன்று போல் இருக்கிறது.

இரத்தக் குழாயின் உட்புறத்தில் மெல்லிய தோல் போல ஓர் அடுக்கு உண்டு. அந்த அடுக்குதான் இந்த வாயுவை உண்டாக்குகிறது. ஆர்ஜினின் என்ற புரதச் சத்துத் துணுக்கிலிருந்து உண்டாக்குகிறது. உண்டான வாயு சில நொடிகள்தான் இருக்கும். பிறகு மறைந்துவிடும்.

அந்தச் சில நொடிகளில் அது செய்யும் வேலை என்ன?

வயலுக்கு நீர் பாய்ச்சுவதைப் பாருங்கள். மடையைத் திறந்தால் தண்ணீர் தாராளமாகப் பாயும். அடைத்தால் வாய்க்கால் முட்டும், கரை உடையும். இரத்தக் குழாயைச் சுற்றித் தசை இருக்கிறது. தசை இறுகினால் குழாய் குறுகும், கொதிப்பு ஏறும். நைட்ரிக் ஆக்சைடு போய் அந்தத் தசையைத் தளர்த்தும். குழாய் விரியும். இரத்தம் இலகுவாக ஓடும்.

இன்னொரு வேலையும் உண்டு. இரத்தம் குழாய்க்குள்ளேயே கட்டிப் போகாமல் இது தடுக்கும். சிறுநீரகத்துக்கு வேண்டிய இரத்தம் போய்ச் சேரவும், மிஞ்சிய உப்பு வெளியேறவும் துணை செய்யும்.

தவறில் பிறந்த உண்மை

இந்த இரகசியம் எப்படி வெளிவந்தது? அது ஒரு சுவையான கதை.

அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் பர்ச்காட், முயலின் இரத்தக் குழாயை வைத்து ஆராய்ச்சி செய்தார். ஒரு மருந்தை விட்டால் அந்தக் குழாய் எப்போதும் சுருங்கும். 1978-ல் ஒரு நாள், அவருடைய உதவியாளர் சோதனையைச் சொன்னபடி செய்யாமல் தவறு செய்துவிட்டார். அன்று அதே மருந்துக்குக் குழாய் விரிந்தது!

பர்ச்காட் திகைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை, காரணத்தைத் தேடினார். முன்பெல்லாம் குழாயை எடுக்கும்போது அதன் உள் அடுக்கு உரசித் தேய்ந்து போயிருந்தது. இந்த முறை உள் அடுக்கு பழுதாகாமல் இருந்தது. அப்படியானால், அந்த அடுக்கிலிருந்து ஏதோ ஒன்று வந்து குழாயை விரிக்கிறது!

1980-ல் இதை வெளியிட்டார். அந்த "ஏதோ ஒன்று" நைட்ரிக் ஆக்சைடு வாயுதான் என்று 1986-ல் பர்ச்காட்டும் லூயிஸ் இக்னாரோவும் சொன்னார்கள். அதற்கு முன்பே, 1977-ல், நைட்ரோகிளிசரின் என்ற இதய மருந்து இந்த வாயுவை வெளிவிட்டுத்தான் வேலை செய்கிறது என்று பெரீத் முராத் கண்டிருந்தார்.

மூவருக்கும் 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதிலும் ஒரு வேடிக்கை! நைட்ரோகிளிசரினைக் கொண்டு டைனமைட் வெடி செய்து பணம் குவித்தவர்தான் ஆல்பிரட் நோபல். வயதான காலத்தில் அவருக்கு இதய நோய் வந்தது. டாக்டர்கள் என்ன மருந்து எழுதிக் கொடுத்தார்கள் தெரியுமா? அதே நைட்ரோகிளிசரின்!

மாற்று சிறுநீரகத்தில் என்ன நடக்கிறது?

சிறுநீரகத்துக்கும் இந்த வாயுவுக்கும் உறவு நெருக்கமானது. ஆர்ஜினினை உடம்பில் தயார் செய்து கொடுக்கும் முக்கியமான இடமே சிறுநீரகம்தான். அது கெட்டால் வாயு செய்யத் தேவையான சரக்கே குறையும்.

அதோடு, ஏ.டி.எம்.ஏ. என்று ஒரு பொருள் உண்டு. வாயு உண்டாவதை இது தடுக்கும். சிறுநீரகம் கெட்டவர்களின் இரத்தத்தில் இது தேங்குகிறது என்று 1992-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் கண்டார்கள்.

சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களையும் ஆராய்ந்தார்கள். இரத்தத்தில் ஏ.டி.எம்.ஏ. அதிகமாக இருந்தவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாவதும், இதய நோயும், மரணமும் அதிகம் என்று நார்வே நாட்டு டாக்டர்கள் 2010-ல் வெளியிட்டார்கள். ஏ.டி.எம்.ஏ.தான் முழுக் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் அது ஓர் எச்சரிக்கை மணி.

வேறு தொல்லைகளும் உண்டு. தானம் கொடுத்தவரிடமிருந்து எடுத்துப் பெற்றவருக்குப் பொருத்தும் வரை, சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் கிடையாது. அந்த நேரத்தில் குழாயின் உள் அடுக்கு நோகும். சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகளும் குழாயை ஓரளவு இறுக வைக்கும்; கொதிப்பை ஏற்றும்.

"அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமே!" என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நிறுத்தினால் உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கும். தாய் கொடுத்தது பாழாகும். மாத்திரையின் அளவை இரத்தப் பரிசோதனை செய்து சரியாக வைப்பது டாக்டரின் வேலை. அதற்காகத்தான் நன்றாக இருக்கும்போதும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இரண்டு முகம்

நைட்ரிக் ஆக்சைடு அதிகமாக இருந்தால் நல்லதா?

இல்லை! உடம்பு புதிய சிறுநீரகத்தைத் தாக்கும்போது, தாக்கும் அணுக்கள் இதே வாயுவை ஏராளமாகக் கக்குகின்றன. அப்போது அது சிறுநீரகத்தையே சுட்டுவிடும்.

அடுப்பில் அளவாக எரிந்தால் தீ சோறு சமைக்கும். கூரையில் பற்றினால் வீட்டை எரிக்கும். இந்த வாயுவும் அப்படித்தான். உரிய இடத்தில், உரிய அளவில் இருக்க வேண்டும்.

ஆகவே ஆர்ஜினின் பொடி, "இரத்த ஓட்டப் பொடி" என்று கடைகளில் விற்பதை வாங்கிச் சாப்பிட வேண்டாம். இவற்றால் மாற்று சிறுநீரகம் நெடுநாள் உழைக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை.

ஒட்டன்சத்திரத்துச் சரக்கு

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையைத் தெரியாதவர்கள் உண்டா? அங்கே குவியும் பீட்ரூட்டும், தோட்டத்துக் கீரையும், முள்ளங்கியும், கொத்தமல்லியும் ஓர் இரகசியம் வைத்திருக்கின்றன.

இவற்றில் நைட்ரேட் என்ற உப்பு இருக்கிறது. சாப்பிட்டதும் அது இரத்தத்தில் கலந்து, திரும்பவும் எச்சிலில் வருகிறது. நாக்கின் பின்புறத்தில் வாழும் நல்ல கிருமிகள் அதை நைட்ரைட் ஆக்குகின்றன. அதிலிருந்து உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு உண்டாகிறது. குழாயின் உள் அடுக்கு சோர்ந்தாலும் வேலை செய்யும் குறுக்கு வழி இது!

2008-ல் லண்டனில் நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். 3 மணி நேரத்துக்குள் அவர்களுடைய இரத்த அழுத்தம் சுமார் 10 புள்ளிகள் குறைந்தது. 2013-ல் 19 பேர் ஒரு வாரம் கிருமி கொல்லும் மருந்தினால் வாய் கொப்பளித்தார்கள். நாக்கின் நல்ல கிருமிகளும் செத்தன. அவர்களுடைய அழுத்தம் சிறிது ஏறியது!

நெதர்லாந்து நாட்டில் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். காய்கறி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் மரணம் குறைவு என்று 2020-ல் வெளியிட்டார்கள்.

ஆனால் அவசரப்படாதீர்கள்! பீட்ரூட்டிலும் கீரையிலும் பொட்டாசியம் அதிகம். இளநீரிலும், சிறுமலை வாழைப்பழத்திலும், தக்காளியிலும் உண்டு. டாக்ரோலிமஸ் சாப்பிடுபவர்களுக்குப் பொட்டாசியம் தேங்கக் கூடும். அளவு மீறினால் இதயமே நின்றுவிடும். எனவே இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, "எவ்வளவு சாப்பிடலாம்?" என்று டாக்டரைக் கேட்ட பிறகே சாப்பிட வேண்டும். சாறு பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடிக்கக் கூடாது.

பம்பளிமாஸ் பழம் வேண்டாம். அது டாக்ரோலிமஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். டாக்டருக்குத் தெரியாமல் நாட்டு மருந்தும் வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

குழாயின் உள் அடுக்கைக் காக்கும் வழிகள் எளியவை. காசு செலவு அதிகம் இல்லை.

நடக்க வேண்டும். நடக்கும்போது இரத்தம் வேகமாக ஓடிக் குழாய்ச் சுவரை உரசும். அந்த உரசலே நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும்! திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்தபடி காலையில் அரை மணி நேரம் நடந்தால் போதும். மலை ஏற வேண்டியது இல்லை. நண்பகல் வெயில் வேண்டாம்.

உப்பைக் குறைக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள் அடக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் ஒளிந்திருக்கும் உப்பையும் கணக்கில் சேருங்கள்.

பீடி, சிகரெட், புகையிலை அறவே கூடாது. புகை இந்த வாயுவை அழிக்கும்.

இரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். மாற்று சிறுநீரகம் உள்ளவர்களுக்கு 130-க்கு 80-க்குக் கீழே இருப்பது நல்லது என்பது டாக்டர்களின் பொதுவான கருத்து. 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வீடு தேடி வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். ஒரு வேளை கூட விடக் கூடாது. சிறுநீரகம் கொடுத்தவரும் ஆண்டுக்கு ஒரு முறை தன் உடம்பைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கொடுத்தவரிடம் இருப்பதும் ஒன்றுதானே!

பஸ் புறப்பட்டது

மதுரை பஸ் திண்டுக்கல்லைத் தாண்டிவிட்டது. வெளியே பொழுது புலர்கிறது. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் இந்நேரம் பூப்பறிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

மகன் மாத்திரை டப்பாவைத் திறக்கிறார். கடிகாரத்தைப் பார்க்கிறார். வேளை வந்துவிட்டது. வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிறார். தாய் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்.

அவர் கொடுத்தது 150 கிராம் எடையுள்ள ஓர் உறுப்பு. அது மகனுக்குப் பத்து ஆண்டு வாழ்வு தந்தது. இன்னும் பத்து ஆண்டு தருமா என்பது பெரும்பாலும் மகன் கையில் இருக்கிறது.